வெளியூரில் மனத்துணை



வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், நமக்கு வேண்டியவற்றைத் தேடி அமைத்துக்கொள்வதில் வல்லவர்கள். இட்லி அரிசியும் உளுந்தும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைக் குடியேறிய முதல் மாதத்திலேயே அறிந்துவிடுகிறோம். பிள்ளைகள் தமிழ் கற்க ஒரு பள்ளி, முருகனுக்கு ஒரு கோயில், பொங்கலுக்கும் நாடகத்துக்கும் ஒரு சங்கம் என்று ஒவ்வொன்றாகக் கண்டு, இல்லாத இடத்தில் புதிதாகவும் தோற்றுவித்திருக்கிறோம். ஆயினும் ஒன்று மட்டும் பெரும்பாலான இடங்களில் இன்னும் அமையவில்லை. நம்முள் ஒருவர் குடிக்கு ஆட்பட்டாலோ, மனம் தளர்ந்து ஒடுங்கினாலோ, அவர் எங்கே போவார், யாரிடம் சொல்வார் என்னும் கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. அவ்விடையைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

இது எங்கோ ஒரு வீட்டில் நேரும் துன்பம் என்று எண்ணுவதற்கில்லை. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கண்டது. சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதுவினால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் நாட்டில் 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று அது கூறுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஓர் உதவி பெற்றதாகவும் கூறுகிறது. எஞ்சிய 37 பேரில் நம் அலுவலகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவரும், நம் குடியிருப்பில் மேல் மாடியில் வசிப்பவரும் இருக்கக்கூடும்.

இத்தகைய துன்பம் வெளிப்படும்போது நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ‘ஊருக்கு அனுப்பிவிடுங்கள், நான்கு நாள் அம்மாவின் கையால் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறோம். அன்பினால் தோன்றும் யோசனைதான். ஆயினும் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய உடல், அதைத் திடீரென்று இழந்தால் தாங்குவதில்லை. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்குச் சித்தம் கலங்கி இல்லாத உருவங்கள் தெரியும். உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அத்தகையவரைத் தனியே ரயிலேற்றினால், அந்தக் கொடிய நேரம் மருத்துவர் எவரும் அருகில் இல்லாத ஓர் ஓடும் வண்டியில் வந்து சேரலாம். ஆதலின் முதலில் இருக்கும் ஊரிலேயே மருத்துவரிடம் காட்டி, உரிய மருந்துடன் குடியை நிறுத்துவதே முறை. உணவில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் குடிநிறுத்த மருந்துகளையும் நம்பலாகாது. அவற்றுள் சில, மதுவோடு சேர்ந்தால் இதயத்தையே தாக்கக்கூடியவை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுச்சார்பு ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. நோய் என்றால் சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் பின் நெடுநாள் துணையும் வேண்டும். மருத்துவர் தரும் சில வாரங்கள் முடிந்த பிறகு, அதே அலுவலகம், அதே தெரு, அதே சம்பள நாள் ஆகியவற்றின் நடுவே மீண்டும் வாழ வேண்டுமே! அந்தத் துணைக்கு என்ன செய்வது?

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்வது பொருந்தும். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் ஒருவர், தொழில் நிமித்தம் நியூயார்க்கிலிருந்து ஆக்ரன் என்ற ஊருக்குச் சென்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கைகூடவில்லை. அறிந்தவர் எவருமில்லாத ஊர். தங்கியிருந்த விடுதியிலேயே மதுச்சாலை. உள்ளே நுழைவதற்கு மாறாக அவர் தொலைபேசியை நாடினார். தம்மைப் போலவே குடியால் துன்புறும் இன்னொருவரோடு பேச வேண்டும் என்று அவ்வூர்ப் பாதிரிமாரிடம் கேட்டார். அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவ்விருவரின் உரையாடலிலிருந்து பிறந்ததுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்று இன்று உலகெங்கும் பரவியுள்ள இயக்கம். வெளியூரில் தனித்து நின்ற ஒருவரின் தவிப்பிலிருந்து அது தோன்றியது என்பதை வெளியூரில் வாழும் நாம் சிறப்பாகக் கருத வேண்டும்.

அவ்வியக்கத்தின் முறை எளியது. கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. கூட்டத்தில் முழுப் பெயரோ பதவியோ சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தம் நிலையைச் சொல்ல, ஏனையோர் இடைமறிக்காமல் கேட்பார்கள். இந்தியாவின் பெருநகரங்கள் யாவற்றிலும் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் தமிழிலேயே நடக்கும் கூட்டங்களும் உண்டு. குடிப்பவரின் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கென ‘அல்-அனான்’ என்னும் தனிக் கூட்டங்கள் 1951 முதல் இயங்கி வருகின்றன. கணவர் வர மறுத்தாலும் மனைவி மட்டும் செல்லலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தபின் 1980-இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையமும், சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சியளித்து வருகிறது.

இனி, நம்மிடையே உள்ள ஒரு தடையை மறைக்காமல் பேசலாம். துணை தேடுபவர் தமிழ்ச் சங்கத்துக்கு வருவாரா? எளிதில் வரமாட்டார். காரணம் வெளிப்படை. அங்கேதான் அவருடைய மேலதிகாரியின் மனைவி பாட்டுப் பாடுகிறார். அங்கேதான் அவருடைய மகளுக்கு வரன் பேசுகிறார்கள். இங்கே வாய்விட்டுச் சொன்ன சொல், அடுத்த வாரமே தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் ஒலிக்கும் என்று அவர் அஞ்சுகிறார். நெருங்கி வாழும் சிறு சமூகத்தின் வலிமையும் இடரும் ஒன்றே: எல்லோரும் எல்லோரையும் அறிவர்.

அப்படியானால் அயலாரிடமே போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதிலும் ஒரு குறை உண்டு. அலுவலகக் காரியத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோ முடித்துவிடலாம். மனத்தின் நோவைத் தாய்மொழியில்தான் சொல்ல முடிகிறது. நடுவண் அரசில் மொழிபெயர்ப்புப் பணியாற்றும் நமக்கு இது நன்கு தெரியும். ‘நெஞ்சு கனமாக இருக்கிறது’ என்பதை அப்படியே மாற்றிச் சொன்னால் இதய நோய் என்று பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். ‘மனசு சரியில்லை’ என்ற இரண்டு சொற்களில் ஒரு நாள் வருத்தமும் அடங்கும், ஓராண்டு மனச்சோர்வும் அடங்கும். எது என்று அறிய அருகிருந்து கேட்க வேண்டும்.

இம்மொழித் தடையைக் கடக்க நம் வீடுகளில் கையாளும் வழி ஒன்று வருந்தத்தக்கது. இந்தி அறியாத தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று தாய் சொல்வதைப் பத்து வயது மகன் மருத்துவருக்கு எடுத்துரைக்க நேர்வதை எண்ணிப் பாருங்கள். ஒன்று, அவன் அச்சொல்லை விழுங்கிவிடுவான். அதனால் சிகிச்சை தவறும். அல்லது அதைச் சொல்லிவிட்டு ஆயுள் முழுதும் சுமப்பான். இப்பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் ஏற்றலாகாது.

ஆக, நமக்கு வேண்டியவை இரண்டு: தமிழில் பேசும் வசதியும், பேசியது வெளியே போகாது என்னும் உறுதியும். இவை ஒன்றோடொன்று முரண்படுவன போல் தோன்றினும் இரண்டையும் சேர்த்துப் பெற வழிகள் உண்டு. முதல் வழி தொலைபேசி. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிப் பணியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், மொழியைத் தேர்ந்துகொள்ளலாம், அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. போதைப் பழக்கத்துக்கு உதவி நாடுவோர் 14446 என்ற எண்ணை அழைக்கலாம். முகம் தெரியாது; குரல் மட்டுமே செல்லும். மருத்துவமனைகளில் நிம்ஹான்ஸ் பெங்களூருவில் உள்ளது; தில்லித் தமிழருக்கு இப்பாஸ் என்னும் மனித நடத்தை அறிவியல் கழகமும், காஸியாபாதில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசியப் போதைச் சார்புச் சிகிச்சை மையமும் உள்ளன.

இரண்டாவது வழி, நாமே ஒருவருக்கொருவர் உறவாவது. நம் நாட்டு மனநல மருத்துவம் இதில் உலகுக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 1950-களில் அமிருதசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து சிகிச்சையில் பங்குபெற வைத்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறையே வழங்கி வருகிறது. உறவினர் அருகில் இருந்தால் நோயாளி விரைவில் தேறுகிறார். ஆனால் உறவினர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்? அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர் அண்டை வீட்டார்தாம். சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயதுவந்த எவரும் தமக்கு வேண்டிய ஒருவரை நியமனப் பிரதிநிதியாக வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அமர்த்திக்கொள்ளலாம். அவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நோயாளியைப் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கவும் அச்சட்டம் ஆணையிடுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியவை. அறிவிப்புப் பலகையில் அந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையை வாரத்தில் ஒரு மணி நேரம் குடிமீட்புக் கூட்டத்துக்குத் தரலாம்; யார் வந்தார் என்று பார்க்க எவரும் அப்பக்கம் போகாதிருந்தால் போதும். இந்தியும் தமிழும் நன்கறிந்த, வாயடக்கம் உள்ள பெரியவர்கள் மூவரைத் தேர்ந்து, மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளராக உடன் செல்ல ஏற்பாடு செய்யலாம். அருகிலுள்ள நகரத்தின் தமிழர் அதை நாடினால் இன்னும் நன்று. அறிமுகமில்லாதவரிடம் நாணம் குறையும்.

தனித்தனியே நம்மால் இயன்றதும் உண்டு. ஊரிலிருந்து மகனோடு வந்து அடுக்குமாடி வீட்டில் பகலெல்லாம் சுவரைப் பார்த்திருக்கும் முதியவளை, மாலையில் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம். புதிதாய்ப் பிள்ளை பெற்று, தாய் துணையின்றி அழும் பெண்ணிடம் ‘உறங்கினாயா, அம்மா?’ என்று கேட்கலாம். ஒருவர் வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினால், ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குடியிலிருந்து மீண்டு வந்தவருக்கு அறிவுரை வேண்டாம், பழங்கதை வேண்டாம், விருந்தில் அவர் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து, அருகில் அமர்ந்து கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினால் போதும். மறுபடி ஒரு நாள் தவறிவிட்டாலும் முகம் திருப்ப வேண்டாம். திரும்பவும் மருத்துவரிடமும் கூட்டத்துக்கும் செல்ல உடன் வாருங்கள்.

வெளியூருக்கு வந்த முதல் நாளில் நமக்கு யாரோ ஒருவர் வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். ரேஷன் அட்டைக்கு வழி சொன்னார். அந்தக் கடனை அவருக்கே திருப்பித் தர நேர்வதில்லை. அடுத்து வருபவருக்குத்தான் தருகிறோம். மனம் நொந்தவருக்கு நாம் ஆற்றும் துணையும் அத்தகைய கடனே. அதை அமைதியாக, ஊரறியச் செய்யாமல், ஆனால் தவறாமல் செய்வோமாக.