கண்ணோரச் சுருக்கமும் களிம்பும்



மேடையேறும் முன்பே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "டாக்டரம்மா, கண்ணுக்குக் கீழே எந்த கிரீம் போடலாம்?" என்று. கண்ணோரத் தோல் அரை மில்லிமீட்டர் கனம்தான். சுருக்கம் சீக்கிரமே தெரியும். ரெட்டினால் உள்ள களிம்பு ஓரளவு குறைக்கும். இராத்திரி மட்டும், ஒரு உளுந்தளவு, எலும்பு மேட்டின் மேல். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தொங்கும் பை கொழுப்பு. அது களிம்புக்கு மசியாது! பகலில் சன்ஸ்கிரீன் அவசியம்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சிவப்பழகுக்கென்று கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிறார்களே, ஸ்டீராய்டு களிம்பு! கண்ணருகே மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். 2018-இல் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று அரசு உத்தரவே போட்டது. டியூபில் மொமெட்டசோன், குளோபெட்டசால் என்றிருந்தால் கண் பக்கம் கொண்டு போகாதீங்க. வீட்டில் யாராவது ரொம்ப நாளாப் பூசியிருந்தால், இந்த வாரமே கண் டாக்டரிடம் அழுத்தம் பார்த்துவிடுங்கள்.