இரக்கம் அழைத்துச் செல்லும், பொறுமைதான் வேலை செய்யும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் மனிதநேயப் பணி செய்பவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஒரு பேரிடர் நடந்தால் எங்களைப் போன்ற தொலைக்காட்சிக்காரர்கள் முதல் சில நாள்களைக் காட்டுவோம். இடிந்த வீடு, அழும் குழந்தை, தண்ணீர்ப் புட்டி நீட்டும் கை. பிறகு கேமரா வேறு பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எடுத்துக்காட்டாக வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தைப் பார்ப்போம். 2017 ஆகஸ்டு 25-க்குப் பிறகு, மியன்மாரிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் எல்லை கடந்து அங்கே வந்தார்கள். குத்துபாலோங் முகாம் உலகின் மிகப் பெரிய அகதி முகாமானது. நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் மலேசியா அங்கே ஒரு கள மருத்துவமனையைத் திறந்தது. 1999-இல் டாக்டர் ஜெமிலா மாமூட் தொடங்கிய மெர்சி மலேசியா அமைப்பும் அங்கே பணியாற்றியிருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

வெளிநாட்டுப் பணியாளர்கள் பெரும்பாலும் முகாமுக்குள் தங்குவதில்லை. காக்ஸ் பஜார் பட்டணத்தில் தங்குகிறார்கள். அது நீண்ட கடற்கரைக்குப் பெயர் பெற்ற சுற்றுலாத் தலம். காலையில் வேனில் ஏறினால், சாலை நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் பயணம். மாலையில் முகாமை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். காலையில் அகதிகளின் கூடாரம், இரவில் சுற்றுலா விடுதி. இந்த இரண்டுக்கும் நடுவே மனம் படும் பாட்டை அங்கு போய் வந்தவர்கள் பலரும் சொல்வார்கள்.

அப்படியானால் பகல் முழுவதும் என்ன செய்கிறார்கள்? நேயர்களே, அதிகமாக எண்ணுகிறார்கள்! ஆம், கணக்குப் போடுகிறார்கள். 1997-இல் தொடங்கப்பட்ட 'ஸ்பியர்' என்ற திட்டம், நிவாரணப் பணிக்கு உலகப் பொதுவான அளவுகளை வகுத்திருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். 20 பேருக்கு ஒரு கழிவறை. தங்குவதற்கு ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர்.

15 லிட்டர் என்றால் எவ்வளவு? நம் வீட்டுக் கழிவறையில் இரண்டு முறை தண்ணீரைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய தீர்ந்துவிடும். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். 3.5 சதுர மீட்டர் என்பது ஒரு பெரிய கட்டில் பிடிக்கும் இடம். இந்தக் குறைந்தபட்ச அளவாவது எல்லாருக்கும் கிடைக்கிறதா என்று குழாய் குழாயாக, கழிவறை கழிவறையாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. ஒரு கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால், இரவில் பெண்கள் அங்கே போக மாட்டார்கள். அந்தத் தாழ்ப்பாளைக் கவனித்து எழுதி வைப்பதும் மனிதநேயம்தான்.

'இல்லை' என்று சொல்லும் வேலை

இந்தப் பணியில் மிகக் கடினமானது எது? மழையும் சேறும் கடினம்தான். ஆனால் அவற்றைவிடக் கடினமானது, கேட்பவரிடம் 'இல்லை' என்று சொல்வது.

உலக உணவுத் திட்டம் அந்த முகாம்களில் ஒருவருக்கு மாதம் 12 அமெரிக்க டாலர் மதிப்பில் உணவு உதவி வழங்கி வந்தது. நன்கொடை குறைந்ததால் 2023 மார்ச்சில் அது 10 டாலரானது, ஜூனில் 8 டாலரானது. அப்போதைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 37 வெள்ளி. ஒரு மாதச் சாப்பாட்டுக்கு! 2024 ஜனவரியில்தான் மறுபடியும் 10 டாலருக்கு உயர்த்தினார்கள். குறைக்கும் முடிவை எடுத்தவர்கள் எங்கோ இருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு 'ஏன்?' என்று கேட்ட தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர், விநியோக மேசையில் உட்கார்ந்திருந்தவர்.

அங்கே பணியாற்றித் திரும்பிய ஒரு தாதி என்னிடம் சொன்னார். அவர் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு முதியவர் தம் மகனின் பெயரைச் சொல்லி, "பார்த்தாயா அம்மா?" என்று கேட்டாராம். இங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா அகதிகள் இருக்கிறார்கள். எந்தப் பெயர், எந்த ஊர் என்று எப்படித் தேடுவது? பொய்யான நம்பிக்கை கொடுக்கக்கூடாது, முகத்தைத் திருப்பிக் கொள்ளவும் கூடாது. அந்த இடைப்பட்ட இடத்தில் நிற்கப் பழகுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

உண்மையான பாரம் யார் தோளில்?

வெளிநாட்டவர் சில மாதங்களில் திரும்பிவிடுவார். உள்ளூர்ப் பணியாளருக்கு அது சொந்த மண். அகதிகளே தொண்டூழியர்களாகவும் உழைக்கிறார்கள். அந்த முகாம் யானைகளின் வழித்தடத்தில் அமைந்துவிட்டது. தொடக்கத்தில் யானை தாக்கிப் பலர் மாண்டார்கள். பிறகு காவல் கோபுரங்கள் கட்டி, இரவில் கண்விழித்து யானைகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியவர்கள், பயிற்சி பெற்ற அகதிகளேதாம்.

ஆபத்தும் அப்படித்தான் பங்கிடப்படுகிறது. 2003 ஆகஸ்டு 19-இல் பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தின் மீது நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். அந்த நாளைத்தான் உலக மனிதநேய தினமாக 2008-இல் ஐ.நா. அறிவித்தது. 2024-இல் மட்டும் உலகெங்கும் 383 பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டிலேயே சேவை செய்த உள்ளூர் மக்கள்.

நாம் என்ன செய்யலாம்?

போக விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரக்கம் மட்டும் போதாது. தாதிமை, தண்ணீர்க் குழாய் வேலை, கணக்கு, கிடங்கு நிர்வாகம், இவற்றில் ஒன்றையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் நம் ஊரிலேயே வெள்ளக் காலத்தில் ஒரு துயர் துடைப்பு மையத்துக்குப் போங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நமக்கு மறந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் பழைய துணி மூட்டையைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டுப் பழகுங்கள். வள்ளுவர் 'ஈகை' அதிகாரத்துக்கு முன்பாக 'ஒப்புரவறிதல்' என்ற அதிகாரத்தை வைத்திருக்கிறார். அந்தத் தலைப்பிலேயே 'அறிதல்' இருக்கிறது பாருங்கள். கொடுப்பதற்கு முன்னால் அறிய வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை திரும்பி வந்ததும், "எத்தனை பிணம் பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "போனது போதும், இனி ஒழுங்காக ஒரு வேலையைப் பார்" என்றும் உடனே சொல்லாதீர்கள். கல்யாண விருந்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டும்போது அவர் எழுந்து வெளியே போனால், கோபித்துக் கொள்ளாதீர்கள். தூக்கம் வராமல் அவதிப்பட்டால் மருத்துவ ஆலோசனை பெற உதவுங்கள். பேச நினைக்கும்போது கேட்க ஓர் ஆள் வீட்டில் இருந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அடுத்த முறை எங்கள் கேமரா ஒரு பேரிடரைக் காட்டும்போது, ஆறு மாதம் கழித்து அங்கே தண்ணீர்க் குழாயை எண்ணிக் கொண்டிருக்கப் போகிறவரையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நன்கொடை கொடுக்க அப்போதும் நேரம் கடந்துவிடாது.