கழற்றலும் காத்தலும்

(வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் ஆழ்ந்து படித்த நூலொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக என் மாலைப் பொழுதுகளை ஒரு பழைய வண்டி எடுத்துக்கொண்டது. நூல்களைத் திறந்த நாள்கள் குறைவு. ஆகவே அந்த வண்டியைக் கழற்றிய கதையையே சொல்லப் போகிறேன். அது நம்மையும் தொடும் கதை என்று நம்புகிறேன்.

அது ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கேம்பர் வேன். உள்ளே படுக்கை, அடுப்பு, அலுமாரி, நீர்க்கலம் எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கூடார வண்டிலில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்துக் கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் இந்த அவையில் சிலர் இருப்பீர்கள். அந்த வண்டிலுக்கு இயந்திரம் பூட்டியது போன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. 1947ஆம் ஆண்டு பென் பான் என்ற ஒல்லாந்து வணிகர் தம் குறிப்பேட்டில் கிறுக்கிய சிறு படமே இதன் வித்து. 1950 மார்ச் மாதம் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் உற்பத்தி தொடங்கியது; 1956இல் ஹனோவருக்கு மாறியது. வெறும் சரக்கு வண்டியாக வந்ததை வீடாக்கும் வேலையை 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் செய்தது. இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்துச் சிட்மத் ஊரிலும் அத்தொழில் செழித்தது. என்னிடம் வந்தது 1973இல் ஹனோவரில் பிறந்த வண்டி. முன்னிருக்கைக்குப் பின்னே பொருத்திய சிறு தகட்டில், பிறந்த நாள், நிறம், கேட்டு வாங்கிய வசதிகள் யாவும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாதகக் குறிப்பு என்றே அதைச் சொல்லலாம்.

அயல்வீட்டில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவரின் வண்டி அது. அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் தோட்டத்தில் படங்கு மூடிக் கிடந்தது. ஒருநாள் அவருடைய துணைவியார் என்னை அழைத்துச் சாவியைத் தந்தார். விலை பேசவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். "இது ஓட வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். துடைத்துத் துடைத்துப் பார்வைக்கு வைப்பதானால் எனக்கு வேண்டாம்" என்றார். அதன்பின் நான் எடுத்த ஒவ்வொரு முடிவும் இந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

கழற்றுதல் எளிது என்று எண்ணித்தான் தொடங்கினேன். மின்கலத்தின் இணைப்பை முதலில் நீக்க வேண்டும். தாங்கியிலுள்ள பெட்ரோலை வடிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம் எடுக்க வேண்டும். திருகாணிகளைச் சிறு பைகளில் இட்டு, எந்த இடத்துக்கு உரியவை என்று எழுதி வைக்க வேண்டும். துருவேறிய திருகாணியோடு மல்லுக்கட்டினால் தலை முறிந்து உடல் உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, சற்றே சூடுகாட்டி, மெல்லத் திருகினால் இணங்கும். இவையெல்லாம் பட்டறைக்காரர்களுக்குப் பால பாடம்.

அந்தப் பால பாடத்தில் ஒன்றை நான் முதல் வாரத்திலேயே மீறினேன். அலுமாரியின் பக்கப்பலகை நீர் ஊறி உளுத்துப் போயிருந்தது. தொட்டால் தூளாயிற்று. எதற்கு இது என்று குப்பையோடு அனுப்பிவிட்டேன். புதிய பலகை அறுக்க அமர்ந்தபோதுதான் இழப்புத் தெரிந்தது. வண்டியின் உட்சுவர் கூரையை நோக்கி வளைந்து செல்வது. அங்கே நேர்கோடே கிடையாது. அந்த வளைவை அறிந்திருந்தது உளுத்த பலகை ஒன்றுதான். புதியது பொருந்தும்வரை பழையதை எறியாதே என்பது ஏன் விதியாயிற்று என்று அன்று விளங்கியது.

அதனினும் பெரிய இழப்பு மறுநாள் தெரிந்தது. அம்மையார் வந்து பார்த்தார். "அந்தப் பலகையின் உட்பக்கத்தைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் இரவு தங்கிய ஊரையும் நாளையும் அவர் கணவர் பென்சிலால் அதில் எழுதி வந்தாராம். பலகை நிறைந்தபின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் தொடர்ந்தாராம். கதவு என்னிடம் இருந்தது, முற்பாதி போய்விட்டது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி அடித்தளத்துக்கு வருவோம். இந்த வண்டிக்குத் தனியான சட்டகம் இல்லை. தரையும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட உடலே பாரம் முழுவதையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவச் சட்டங்கள் அதற்கு முதுகெலும்பு. அங்கே வண்ணத்தைச் சுரண்டினேன். வண்ணத்துக்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே ஒட்டுத் தகடு. அதற்குக் கீழே மற்றொரு ஒட்டு. அதற்கும் கீழே, இருக்க வேண்டிய இரும்பு இருந்த இடத்தில் செந்தூள். ஓரிடத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து மேலே பூசியிருந்தது. வெளியே நின்று பார்த்தவருக்கு அது பளபளக்கும் வண்டி.

அழுகியதை உடனே வெட்டி எறியக் கை துடிக்கும். அங்கேதான் ஆபத்து. இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒருங்கே வெட்டினால் வண்டி தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்துவிடும். பின்னர் எந்தக் கதவும் மூடாது. ஆகவே கதவு வாசல்களுக்குக் குறுக்கே தற்காலிகத் தாங்குகம்பிகளைப் பற்றவைத்து, அளவுகளைக் குறித்து, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

பின்புறத்தில் இருக்கும் இயந்திரம் 1584 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நீரின்றிக் காற்றாலேயே குளிர்வது. அதைக் கீழே இறக்கினால்தான் பெட்ரோல் தாங்கியை எடுக்க முடியும். எடுத்துப் பார்த்தபோது இரப்பர்க் குழாய்கள் விரலால் மடித்தவுடன் வெடித்தன. பிரித்தானியாவில் 2021 முதல் வழக்கமான பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது; பழைய இரப்பரை அது அரித்துவிடும். சூடான இயந்திரத்தின் மேல் ஒரு துளி கசிந்தால் தீதான். இத்தனைக்கும், பெரிதாக மாற்றியமைக்கப்படாத நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் சோதனையிலிருந்து 2018 முதல் இங்கே விலக்கு உண்டு. எவரும் வந்து பார்க்கமாட்டார்கள். பிள்ளைகளை ஏற்றப் போகிறவன்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பழமையைக் காப்பது என்றால் எதைக் காப்பது? எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் அது அந்த ஆசிரியரின் வண்டி ஆகாது. எதையும் மாற்றாவிட்டால் அது பிள்ளைகளைக் கொல்லும். பல நாள் யோசித்து ஒரு வரையறை செய்துகொண்டேன். பாரம் தாங்கும் உறுப்பில் இரக்கம் கூடாது: சட்டம், தடை, குழாய், சக்கரத்தைப் பிடிக்கும் இரும்பு ஆகியவை ஐயத்துக்கு இடமானால் மாறியே தீர வேண்டும். செய்தி சொல்லும் உறுப்பில் அவசரம் கூடாது: கதவின் நெளிவு, தேய்ந்த கைப்பிடி, பென்சில் எழுத்து ஆகியவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை, அவை இருக்கட்டும்.

இழந்த பலகைக்காக ஒன்று செய்ய விரும்பினேன். அம்மையாரின் நினைவிலிருந்து ஊர்ப்பெயர்களைக் கேட்டுப் புதிய பலகையில் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "அது அவர் கையெழுத்தாகாது. வெறுமையாகவே இருக்கட்டும்" என்றார். எனக்கு உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் அவர் நிரப்பவில்லை. அவர் விரும்பியிருந்தால் நிரப்பியிருக்கலாம், புலமைக்கா குறைவு? சிதைவைச் சிதைவாகவே காட்டியதால்தான் மற்ற அடிகளை நாம் நம்புகிறோம். என் வண்டியிலும் இப்போது வெறும் பலகை ஒன்று இருக்கிறது. அதனருகே எழுத்துள்ள கதவு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பின் இருக்கையின் அடிப்பெட்டியைக் கழற்றியபோது அதன் உட்புறத்தில் நூலால் கட்டிய ஒரு ஃபேன் பெல்ட் கிடைத்தது. காற்றால் குளிரும் இயந்திரத்துக்கு அந்தப் பெல்ட்டே உயிர்; அறுந்தால் விசிறி நிற்கும், சற்று நேரத்தில் இயந்திரம் கொதிக்கும். ஆகவே நெடும்பயணம் போவோர் மாற்றுப் பெல்ட் ஒன்று வைத்திருப்பது வழக்கம். பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிட்டது உங்களுக்குத் தெரியும். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சிக் கட்டியது அது. பட்டறைத் தரையில் அமர்ந்து அந்தப் பெல்ட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி மக்களை ஏற்றிச் சென்ற ஒருவர் எந்த ஊரிலும் எவரிடமும் சொல்லாமல் சுமந்த கவலை அது.

அன்பர்களே, நம் வட்டத்துக்கும் பத்து வயதாகிறது. விழா எடுப்பது நன்று. வண்ணம் பூசுவதும் நன்று. அதற்குமுன் ஒரு மாலை நேரம் நம் கவிதைகளையும் நம் கூட்டங்களையும் இவ்வாறு கழற்றிப் பார்க்கலாம் என்று பணிவோடு சொல்வேன். எந்த அடி பாரத்தைத் தாங்குகிறது, எங்கே செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறோம் என்பது நமக்கே தெரியும். வெட்டும்போது தாங்குகம்பி இட்டு வெட்டுவோம். இளங்கவிஞர் ஒருவரின் முதல் கவிதையைக் கழற்றும்போது இது இன்னும் அவசியம். அந்தக் கம்பியை நான் சில வேளைகளில் மறந்திருக்கிறேன்.

வண்டி இன்னும் தெருவுக்கு வரவில்லை. சட்டங்கள் இரண்டும் புதியவை. இயந்திரம் மீண்டும் ஏறிவிட்டது. தடைகள் மட்டும் எஞ்சியுள்ளன. இருக்கைப் பெட்டியை நேற்று மாலைதான் திரும்பப் பூட்டினேன். பழைய பெல்ட் வெடித்துப் போய்விட்டது, உதவாது. ஆயினும் அதை அவிழ்க்க மனம் வரவில்லை. அதன் அருகிலேயே புதியது ஒன்றை வாங்கிக் கட்டி வைத்தேன்.