ஓய்வுக்கும் ஒரு சேமிப்பு

(திருப்பத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறோம், அது வேண்டுதல். கல்யாணம், காதுகுத்துன்னு வெளியூர் போறோம், அது மொய்க்கணக்கு. நமக்குன்னு, நிம்மதியா மூச்சு விடுறதுக்குன்னு எங்கே போயிருக்கோம்?

நம்ம ஊரிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போனால் பக்கத்திலேயே சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காடு, குளிர்ந்த காத்து. புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழம் விளையிற இடம். தங்க வாடகைக்குக் காட்டேஜும் இருக்கு.

இதுக்குக் கடன் வாங்க வேண்டாம். 12 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 50 ரூபாய் போட்டால் ஒரு வருடத்தில் 7,200 ரூபாய் சேரும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தனிக்கணக்காக வையுங்கள். உள்கடனுக்கு அதை எடுக்காதீங்க. வண்டி, வாடகை முன்கூட்டியே விசாரித்து, பணத்துக்குத் தக்கபடி பகலோடு திரும்புவதா, ஒரு ராத்திரி தங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

அங்கே போயும் நாம அடுப்பு மூட்டக் கூடாது. வாங்கிச் சாப்பிடுவோம். குப்பையைக் காட்டில் போடாமல் கீழே கொண்டு வருவோம்.

"வீட்டில் யார் சோறாக்குவா?"ன்னு கேட்பாங்க. அந்த ரெண்டு நாள் அவங்க ஆக்கட்டும். காய்ச்சலில் விழுந்தால்தான் ஓய்வுன்னு இருக்கலாமா? நல்லா இருக்கும்போதே எடுப்போம்.