முத்திரையும் சரக்கும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வெகுதொலைவு வந்து வாழ்பவர் நாம். ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புவதும், அவர்தம் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதும், வீட்டு வரி செலுத்துவதும் இன்று கணிப்பொறி வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆகவே, அதனுள் எந்த மென்பொருளைப் புகவிடலாம், எதனை வாயிலிலேயே நிறுத்தவேண்டும் என்பது வல்லுநர்க்கு மட்டும் உரிய வினா அன்று. குடும்பம் நடத்தும் ஒவ்வொருவர்க்கும் உரிய வினா. அது குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பட்டினப்பாலை படித்தோர்க்குக் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறை நினைவிருக்கும். கடலினின்று கரைக்கும், கரையினின்று கடலுக்கும் செல்லும் பண்டங்களின்மீது சோழனது புலி முத்திரையைப் பொறித்த பின்னரே காவலர் வெளியே விட்டனர். அம்முத்திரை எதற்குச் சான்று? மூட்டை சோழனது துறை வழியே வந்தது என்பதற்குச் சான்று. உள்ளிருக்கும் மிளகு பழுதற்றது என்பதற்கு அன்று. மென்பொருள்மீது இடப்படும் மின் கையொப்பத்தின் நிலையும் இதுவே.

அக்கையொப்பம் இடப்படுவது எவ்வாறு? மென்பொருளை ஆக்கியவர் முதலில் கோப்பு முழுவதையும் ஒரு கணக்கு முறைக்கு உட்படுத்துகின்றார். கோப்பு எத்துணைப் பெரிதாயினும், அதிலிருந்து குறித்த நீளமுள்ள ஓர் எண் கிடைக்கின்றது. இன்று பெரும்பாலும் வழங்கும் முறையில் அதன் நீளம் 256 பிட். இதனைக் கோப்பின் கைரேகை எனலாம். கோப்பில் ஓரெழுத்து மாறினும் ரேகை முற்றிலும் மாறிவிடும். அந்த ரேகையின்மீது, தம்மிடம் மட்டுமே உள்ள மறைவுத் திறவுகோலால் அவர் ஒப்பமிடுகின்றார். அதற்கு இணையான பொதுத் திறவுகோலால் எவரும் அதனைச் சரிபார்க்கலாம். அத்திறவுகோல் இன்னாருடையது எனச் சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்று உறுதி கூறுகின்றது.

ஆக, கையொப்பம் கூறுவன இரண்டே: இஃது இன்னாரது திறவுகோலால் ஒப்பமிடப்பட்டது; ஒப்பமிட்ட பின் மாற்றப்படவில்லை. இவற்றுக்கு அப்பால், கோப்பின் நன்மை தீமை பற்றி அது வாய் திறப்பதில்லை. அவ்வாறாயின், கையொப்பத்தை மட்டும் நம்பினோர் ஏமாறுவது எங்ஙனம்? மூன்று வழிகளைக் காண்போம்.

முதலாவது, முத்திரையே களவு போவது. ஈரான் நாட்டு நதான்ஸ் அணு ஆலையின் சுழற்பொறிகளைக் குலைத்த ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல் 2010-இல் வெளிப்பட்டது. அதன் சில பகுதிகள் ரியல்டெக், ஜேமைக்ரான் என்னும் இரு தைவான் நிறுவனங்களின் சான்றிதழ்களால் ஒப்பமிடப்பட்டிருந்தன. அந்நிறுவனங்களின் திறவுகோல்கள் பிறர் கைக்குப் போயிருந்தன. செய்தி வெளிப்பட்ட பின்னரே அச்சான்றிதழ்கள் நீக்கப்பட்டன.

இரண்டாவது, முத்திரையிடும் முன்னரே சரக்கில் நஞ்சு கலப்பது. 2017 ஆகஸ்டில் வெளிவந்த சிசிகிளீனர் 5.33 பதிப்பு இதற்குச் சான்று. ஆக்கியோரது பணிமனைக் கணிப்பொறிகளுக்குள் புகுந்த பகைவர் அம்மென்பொருளில் தீய நிரலைச் சேர்த்துவிட்டனர். நிறுவனத்தார் அறியாமலே தம் உண்மைக் கையொப்பத்துடன் அதனை வெளியிட்டனர். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் அது குடியேறியது. ஒப்பம் மெய், இறங்கிய இடமும் ஆக்கியோரது சொந்தத் தளமே, ஆயினும் உள்ளே நஞ்சு.

மூன்றாவது வழியில் ஒப்பமும் மெய், சரக்கும் மெய். ஆயினும் நமக்கு வேண்டாதது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரப் பட்டைகள் இவ்வகையின. பொடி எழுத்தில் இருப்பதைப் படியாமல் நாம் சொடுக்கிய சொடுக்கே அவற்றுக்கு அனுமதிச் சீட்டு. இதனினும் கொடியது ஒன்று உண்டு. தொலைவிலிருந்து ஒரு கருவியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்னும் செயலி, பழுது நீக்குவோர்க்குப் பெரிதும் பயன்படுவது. அதனையே வஞ்சகர் தொலைபேசியில் இனிக்கப் பேசி மக்களின் கைப்பேசிகளில் இறக்கச் செய்து, வங்கிப் பணத்தைச் சுருட்டினர். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. நல்ல கத்தியேயாயினும், அதனைக் கள்வன் கையில் கொடுப்பார் உண்டோ?

இனிச் செய்யத் தக்கன யாவை? மென்பொருளை ஆக்கியோரது சொந்தத் தளத்திலிருந்தே இறக்குக. விண்டோஸ் கணிப்பொறியாயின், கோப்பின்மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’ என்பதில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதியைத் திறந்து, ஒப்பமிட்டவர் பெயரைப் படியுங்கள். பெயர் எதிர்பார்த்ததாக இல்லையேல் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் சரியாயினும், வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பின் கைரேகையைக் கொடுத்துப் பாருங்கள்; பல காப்பு மென்பொருள்களின் தீர்ப்பு ஒருங்கே கிடைக்கும். சொந்த ஆவணங்களை அங்கு ஏற்றலாகாது. ஏற்றுவன பிறர் பார்வைக்கும் செல்லக்கூடும். ஒன்றிரண்டு மென்பொருள் மட்டும் குறை கூறின் அது தவறாகவும் இருக்கலாம். ஒருவரும் குறை கூறாமை முழுக் காப்பும் ஆகாது. புதிய நஞ்சை எவரும் அறிந்திரார். எனவே இறுதி வினா ஒன்றை நம்மிடமே கேட்டல் வேண்டும்: “இதனை நாமே தேடிச் சென்றோமா, அன்றி எவரேனும் இறக்கச் சொன்னாரா?” முன்பின் அறியாதார் தொலைபேசியில் சொன்னதாயின், எத்தனை கையொப்பம் இருப்பினும் வேண்டா.

கையொப்பமே பயனற்றது என்று எவரும் கொள்ளற்க. ஒப்பமில்லாக் கோப்பு முகவரியில்லா மூட்டை. அதனை ஐயுறுவதே முறை. ஒப்பமுள்ளதையோ ஆராய்ந்து ஏற்பதே அறிவுடைமை.

நம் சங்கத்தில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் பலர் உளர். தமிழ் வகுப்பு நடக்கும் ஞாயிறுகளில் அவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதியோரின் கருவிகளைப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கித் தருவாராயின், ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பேனும் காப்பாற்றப்படும். அவ்விளைஞர்கள் இன்றே முன்வருமாறு வேண்டி அமைகின்றோம்.