வெய்-சென் வந்த நாள்
(வாசிப்பு வட்டச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையளின்ர அடையாளக் குழப்பத்தைச் சிறுவர் கதைகள் எப்படிக் காட்டுது என்று கதைக்கச் சொன்னீங்கள். நான் ஒரு புத்தகத்தோடயே நிக்கிறன். ஜீன் லுவென் யாங் எழுதி வரைந்த ‘அமெரிக்கன் போர்ன் சைனீஸ்’. 2006இல் வந்தது. அடுத்த வருசம் பிரின்ட்ஸ் விருது கிடைத்தது. ஒரு சித்திரக்கதைக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஜின் வாங், சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனை விட்டுப் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போறான். ரீச்சர் அவன்ர பெயரைப் பிழையாகச் சொல்லி, சீனாவில இருந்து வந்தவன் என்று அறிமுகப்படுத்துறா. சாப்பாட்டு நேரம் அவன்ர சாப்பாட்டைப் பார்த்துப் பகிடி. பிறகு தலைமயிரைச் சுருட்டுறான். கடைசியில டேனி என்ற வெள்ளைக்காரப் பொடியனாகவே மாறிப்போறான்.

இந்தக் குழப்பம் பிள்ளையின்ர மனசில தானாக முளைத்ததில்லை. வகுப்பறை குடுத்தது. இதை நாங்கள் எல்லாரும் சொல்லுவம். ஆனால் எனக்கு முக்கியமான பக்கம் வேற.

தாய்வானில இருந்து வெய்-சென் என்ற பொடியன் புதுசா வாறான். ஆசையோட வந்து ஜின்னிட்டச் சீன மொழியில கதைக்கிறான். ஜின் முகத்தைத் திருப்பி, அமெரிக்காவில இங்கிலீஷில கதை என்கிறான். நேற்று அடி வாங்கினவன் இன்றைக்கு அடிக்கிறான்.

இந்த இடத்தை வாசித்தபோது எங்கட வட்டத்தில ஒரு பிள்ளை மெல்லச் சொன்னாள்: “நானும் அப்படிச் சொன்னனான், அன்ரி.” ஊரில இருந்து புதுசா வந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு. லண்டனில எங்கட பிள்ளையள் அவையை ‘ஃப்ரெஷி’ என்று கூப்பிடுதுகள். பள்ளிக்கூடத்தை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. ஆர் எப்ப வந்தவை, என்ன விசா, ஊரில எந்தப் பக்கம் என்று வீட்டில நாங்கள்தானே விசாரிக்கிறம்? ‘எந்தப் பக்கம்’ என்றால் என்ன கேள்வி என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளையளுக்கும் விளங்குது.

கதையில குரங்கரசன் ஜின்னுக்குப் பழைய முகத்தைத் திருப்பிக் குடுக்கிறார். அதோட கதை முடியேல்லை. தான் நோகடிச்ச வெய்-சென்னைத் தேடி ஜின் ஒரு சீனக் கடையில போய்க் காத்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, பல நாள். சுயபெருமை மட்டும் போதாது என்று இந்தப் புத்தகம் எனக்குச் சொன்னது அங்கதான்.

நாங்கள் தமிழ்ப் பள்ளியில ‘நான் தமிழன்’ என்று பேச்சுப் பாடமாக்க வைக்கிறம். அதே கட்டிடத்தில, புதுசா வந்த பிள்ளையளுக்குத் தமிழ் நல்லாத் தெரியும் என்று அவையைத் தனி வகுப்பில இருத்திறம். இங்க பிறந்ததுகள் அவையோட பழகிறதே இல்லை.

என்ர கோரிக்கை சின்னது. மாதத்தில ஒரு சனிக்கிழமை இரண்டு பகுதியையும் ஒரே வாங்கில இருத்துவம். ஒரு பிள்ளை தமிழ்ப் புத்தகம் வாசிச்சுக் காட்டட்டும், மற்றது இங்கிலீஷ் புத்தகம். ஆளுக்காள் பிழை திருத்தட்டும். அந்தப் பிள்ளை இப்ப என்னட்டக் கேக்கிறது, தான் தமிழா பிரிட்டிஷா என்றில்லை. அவளோட எப்படித் திரும்பக் கதைக்கிறது என்றுதான்.