மூன்று நாள் கையிருப்பு
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



ஐப்பசி பிறக்கப் போகிறது. மழைக்கு முன் ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம். சென்னையை முடக்கிய இந்த மூன்றும் டிசம்பர் முதல் பாதியில்தான் வந்தன. மிக்ஜாமின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கரண்ட் இல்லை, பால் பாக்கெட் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் டெலிவரி பையன் எப்படி வருவான்?

"வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறதே" என்பீர்கள். இருக்கும். ஆனால் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. வேலை செய்யாது, ஃப்ரிட்ஜில் உள்ள இட்லி மாவு புளித்துவிடும். சம்ப்பில் வெள்ளம் புகுந்தால் குழாய்த் தண்ணீரையும் நம்ப முடியாது. அதனால் முதல் கையிருப்பு தண்ணீர்தான்.

குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். 4 பேருக்கு 3 நாளைக்கு 36 லிட்டர். இரண்டு 20 லிட்டர் கேன் போதும்.

அடுத்தது, அடுப்பே வேண்டாத சாப்பாடு: அவல், பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம். அவலை நனைத்து வெல்லம் கலந்தால் ஒரு வேளை ஓடிவிடும். கேஸ் இருந்தால் ரவை, சேமியா, அரிசியும் பாசிப்பருப்பும். கூடவே பருப்புப் பொடி, ஊறுகாய், பால் பவுடர். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. நெட்வொர்க் இல்லாவிட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது; 50, 100 ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும்.

இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். புதுப் பாக்கெட்டைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுங்கள். லாஃப்டில் போட்டு மறந்த சாமான் கையிருப்பு ஆகாது. எங்கள் பேங்க் பாஷையில் அது வாராக்கடன்.

கடைசியாக ஒன்று. லிஃப்ட் நின்றால் கீழே இறங்க முடியாத பெரியவர்கள் நம் பிளாக்குகளில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள்; கேட்கக் கூச்சம். ஒவ்வொரு மாடியிலும் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்று மழைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வோம். அவர்களுக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் அவல், ஒரு கேன் தண்ணீர் கூடுதலாக வைத்தால் நமக்கு என்ன பெரிய செலவு?

இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியைத் திறந்து ஒருமுறை கணக்குப் பாருங்கள்.